செருப்பைக் கழட்டச் சொன்னவன் எழுதுறேன்

தம்பி,

சுகமான்னு கேட்டு ஆரம்பிக்க எனக்கு இப்பப் பொறுமை இல்ல. இதை முழுசாப் படிக்காட்டியும் போகுது, இந்த முதல் பத்தியை மட்டும் படிச்சிரு. திங்கக்கிழமை உனக்கு ஆரம்பிக்கப்போற ஸ்டீராய்டு மாத்திரையை வாயில போடுறதுக்கு முன்னாடி உன் கிட்னி டாக்டர்கிட்ட ஒரு விஷயத்தைச் சொல்லு. "எங்கப்பா குடல்ல நூல் கணக்கா ஒரு புழு இருக்குன்னு கண்டுபிடிச்சிருக்காங்க. ரொம்ப வருஷமா இருந்திருக்கு. நானும் அதே தோட்டத்துல வெறுங்காலோட வளர்ந்தவன். எனக்கும் இருக்கான்னு பார்த்துட்டு அப்புறம் மாத்திரை குடுங்க"ன்னு சொல்லு. அந்தப் புழுவோட பேரு என் வாயில நுழையல. அக்கா கொண்டு வர்ற என் ரிப்போர்ட் ஜெராக்ஸ்ல இங்கிலீஷ்ல இருக்கு, அதை அப்படியே நீட்டு. ஒரு தடவை மலத்தைப் பார்த்தாத் தெரியாமலும் போகுமாம், ரத்தத்துல பார்க்கிற டெஸ்டையும் கேளு. ஒருவேளை மாத்திரையை ஏற்கனவே ஆரம்பிச்சிருந்தா நீயா நிறுத்திராத, அதுவும் ஆபத்தாம். உடனே டாக்டரைப் பாரு. அம்புட்டுத்தான் விஷயம். மிச்சமெல்லாம் நீ என்னை நம்பணுமேங்கிறதுக்காக எழுதுறேன்.

அக்கா நேத்து உனக்குப் போன் போட்டப்ப நானும் பக்கத்துலதான் உக்காந்திருந்தேன். ஸ்பீக்கர்ல போட்டிருந்தா. "அம்மா செத்தப்ப அசையாத மனுஷன் இப்ப எனக்கு வைத்தியம் சொல்ல வந்துட்டாராக்கும்? என் டாக்டருக்குத் தெரியாததா இவருக்குத் தெரிஞ்சிருச்சு? புழுவாம் புழு"ன்னு சொல்லிட்டு வச்சிட்ட. மூணு வருஷம் கழிச்சு உன் குரலைக் கேட்டேன். திட்டுனாலும் கேட்டுச்சேன்னு ஒரு நிமிஷம் மனசு குளுந்துச்சு, பொய் சொல்லல. அடுத்த நிமிஷம் திங்கக்கிழமைக்கு இன்னும் எத்தனை நாள்னு விரல் விட்டு எண்ணுனேன். இன்னைக்குச் சனி. அக்காவுக்குச் சாயங்காலம் மாட்டுத்தாவணியில பெங்களூரு பஸ். நாளைக்குக் காலையில உன் வீட்டு வாசல்ல நிப்பா. இப்பவே பையைக் கட்டி வச்சிட்டு, "எழுதியாச்சாப்பா, எழுதியாச்சாப்பா"ன்னு என் தலைமேல நின்னுக்கிட்டிருக்கா. எனக்குக் கையெழுத்து கோணலாத்தான் வருது, அட்ஜஸ்ட் பண்ணிப் படி.

எனக்கு இது எப்படித் தெரிஞ்சதுன்னு சொல்றேன். குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் பண்ணிரலாம்னு மதுரையில ஒரு ஆஸ்பத்திரியில சேர்ந்தேன். ஆபரேஷனுக்கு முன்னாடி ரத்தம் எடுத்துப் பார்த்தாங்க. வெள்ளை அணுவுல ஒரு வகை இருக்க வேண்டியதை விட ரொம்பக் கூட இருக்குன்னு ஒரு டாக்டரம்மா வந்து நின்னுச்சு. உன் வயசுதான் இருக்கும். "அய்யா, உடம்புல செவப்பாக் கோடு மாதிரி வந்து, ஓடி, மறைஞ்சு போறதுண்டா?"ன்னு கேட்டுச்சு. எனக்குத் தூக்கி வாரிப் போட்டுச்சு. இடுப்புக்குக் கீழ இருபது வருஷமா வருதே! கண்ணுக்குத் தெரியாத பூச்சி ஏதோ கடிச்ச காணாக்கடின்னு நெனைச்சு வேப்பிலை அடிச்சு விட்டுக்கிட்டிருந்தோமே! "தோட்டத்துல செருப்புப் போடுவீங்களா?"ன்னு அடுத்த கேள்வி. நான் நிமுந்து உக்காந்துக்கிட்டு, "பூந்தோட்டம்மா எங்களது, மல்லிகை. அழகர் கழுத்துக்குப் போற பூவு. செருப்புக் கால் படவே படாது"ன்னு சொன்னேன், பெருமையா. அந்தப் பிள்ளை சிரிக்கல. "கக்கூஸ் எங்க போவீங்க?"ன்னு கேட்டுச்சு. நான் ஆபரேஷன் எப்பம்மான்னு பேச்சை மாத்திட்டேன். மூணு நாள் கழிச்சு ரிப்போர்ட் வந்துச்சு, ஆபரேஷனைத் தள்ளி வச்சுட்டாங்க.

அப்பத்தான் அது எனக்குப் பாடம் எடுத்துச்சு. அந்தப் புழுவோட குஞ்சு ஈர மண்ணுல இருந்து கால் தோலைத் துளைச்சு உள்ள போயிருமாம். மத்த புழுவெல்லாம் வயசாகிச் சாகும், இது உடம்புக்குள்ளயே குஞ்சு பொரிச்சு, வெளிய போகாமலேயே திரும்பவும் உடம்புலயே ஏறிக்கிருமாம். அதனால மண்ணை விட்டுப் பட்டணம் போய் எம்புட்டு வருஷமானாலும் உள்ளயே இருக்கும். நம்ம ரத்தத்துல டி செல்லுன்னு ஒரு காவல் இருக்காம். புதுசா ஒரு கிருமி வந்தா அது எந்திரிச்சு, மத்த அணுவையெல்லாம் கூப்பிட்டு அடிச்சு வெரட்டும். ஆனா ஒரே எதிரி வருஷக்கணக்கா உள்ளயே குடியிருந்தா அந்தக் காவலுக்கு அலுத்துப் போகுமாம். கை ஓஞ்சு போயிரும். போதாததுக்கு, புழுவும் அதைத் தட்டிக் குடுத்துத் தூங்க வைக்கிற மாதிரி என்னத்தையோ கக்கிக்கிட்டே இருக்குமாம். அப்படிச் சோந்து போன காவல் புழுகிட்ட மட்டும் சும்மா இருக்காது, வேற சீக்கு வந்தாலும் சரியா எந்திரிக்காதாம். எனக்கு நம்ம செவலை நாய் ஞாபகம் வந்துச்சு. கரண்டு கம்பம் நடுறதுக்கு ஆளுக வந்தப்ப முதல் ரெண்டு நாள் கொலைவெறியாக் கொரைச்சுச்சு. பத்தாம் நாள் அவனுக காலடியிலயே படுத்துருச்சு. அதுக்கப்புறம் ஒருத்தன் வந்து மோட்டார் ஒயரை அறுத்துட்டுப் போனப்பக்கூட வாயத் தொறக்கல. அது மேல தப்பு இல்ல, அதுக்குச் சலிச்சுப் போச்சு.

"சரிம்மா, இத்தனை வருஷமா எனக்கு ஒன்னும் ஆகலையே"ன்னேன். "காவல் அரைத் தூக்கத்துலயாவது இருக்குங்கய்யா, அதனால புழு அளவோட இருக்கு. அதுக்கு மேல யாராவது ஸ்டீராய்டு குடுத்தாங்கன்னா அந்தக் காவல் மொத்தமாப் படுத்திரும். புழு பெருகிக் குடலை விட்டு நுரையீரல், ரத்தம்னு பரவும். போறப்பக் குடல்ல இருக்குற கிருமியையும் சுமந்துக்கிட்டுப் போகும். அப்புறம் காப்பாத்துறது ரொம்பக் கஷ்டம்"னு சொல்லிட்டு, "வீட்ல யாருக்காவது ஸ்டீராய்டு குடுக்குறாங்களா?"ன்னு கேட்டுச்சு. உன் கால் வீங்குனதும், மூத்திரத்துல புரோட்டீன் போகுதுன்னு சொன்னதும், திங்கக்கிழமை மாத்திரை ஆரம்பிக்கிறாங்கன்னதும் அக்கா வந்து எனக்குச் சொன்னது அதே வாரந்தான். எனக்கு அந்தக் கட்டில்ல உக்கார முடியல.

இப்ப நீ கேப்ப, எனக்குப் புழு எங்கருந்துயா வரும்னு. எங்கருந்து வரும்னு எனக்கு நல்லாத் தெரியும்டா. உனக்குப் பத்து வயசிருக்கும். பொழுது விடியுமுன்ன மொட்டுப் பறிக்கக் கூட்டிட்டுப் போறப்ப புதுச் செருப்பு மாட்டிக்கிட்டு வந்த. உங்கம்மா உசிலம்பட்டிச் சந்தையில வாங்கிக் குடுத்தது, நீலக் கலரு வார். "முள்ளுக் குத்துதுப்பா"ன்ன. நான் ரெண்டையும் புடுங்கிக் கிணத்துல வீசிட்டேன். "சாமிக்குப் போற பூவுடா, மரியாதை வேணாம்?"னு கத்துனேன். பறிக்க வந்த பொம்பளைகள்லாம் பார்த்துக்கிட்டு நின்னாங்க. நீ அழுகல, உதட்டைக் கடிச்சுக்கிட்டு முந்தின நாள் தண்ணி பாய்ச்சுன சேத்துல இறங்கிட்ட. உண்மையச் சொல்லட்டுமா? நம்ம பூவு எந்தச் சாமி கழுத்துக்குப் போச்சுன்னு எனக்கு ஒருநாளும் தெரியாது. கமிஷன் கடையில மூட்டையைப் போட்டா அம்புட்டுத்தான், கல்யாண மண்டபத்துக்குப் போகும், சென்ட் கம்பெனிக்குப் போகும். அழகர் பேரைச் சொன்னா நாலு பேர் மதிப்பான்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன்.

அந்தச் சேத்துல யாரு மலம் கெடந்துச்சுன்னு இப்ப எழுதணும். என்னோடதுதான். கவர்மெண்டுல கட்டிக் குடுத்த கக்கூஸ்ல நான் உர மூட்டையை அடுக்கிப் பூட்டுப் போட்டு வச்சிருந்தேன்ல, உனக்கு மறந்திருக்காது. நீ நாகமலை புதுக்கோட்டையில தங்கிப் படிச்சப்ப ஒரு சிநேகிதனைக் கூட்டிட்டு வந்த. அந்தப் பையன் நெளிஞ்சுக்கிட்டே, "பாத்ரூம் எங்க இருக்கு?"ன்னு உன் காதுல கேட்டான். உன் மூஞ்சி செத்துப் போச்சு. நீ பூட்டை உடைச்சு, மூட்டையெல்லாம் தூக்கி வெளிய போட்டு, கழுவி விட்ட. நான் என்ன பண்ணுனேன்? நீங்க ரெண்டு பேரும் பஸ் ஏறுனதும் மூட்டையைத் திரும்ப உள்ள அடுக்குனேன். "நாலு செவத்துக்குள்ள உக்காந்தா நமக்கு வருமாய்யா"ன்னு டீக்கடையில சொல்லிச் சிரிச்சேன். அப்புறம் வழக்கம்போலத் தோட்டத்து வடக்கு மூலையில, வாய்க்கா ஓரம் போய் ஒதுங்கிட்டு வந்தேன். அந்த வாய்க்காத் தண்ணிதான் பாத்திக்குப் பாயும். பூவுக்கு மரியாதைன்னு உன் செருப்பைக் கழட்ட வச்ச அதே மண்ணு. இதை டாக்டரம்மா முன்னாடி என்னால சொல்ல முடியல, உனக்கு எழுதிட்டேன்.

பள்ளிக்கூடத்துல பூச்சி மாத்திரை குடுத்தப்பவும் அப்படித்தான். நீ வாயில வச்சுக்கிட்டு வீட்டுக்கு வந்த. துப்பச் சொன்னேன். "என் பிள்ளைக்குப் புழு இருக்குன்னு எவன்டா சொன்னது? நாம என்ன சோத்துக்கு இல்லாதவனா?"ன்னு மறுநாள் வாத்தியார்கிட்டயே சண்டைக்குப் போனேன். அந்த ஒத்தை மாத்திரை இந்தப் புழுவுக்குப் போதாதுன்னு டாக்டரம்மா சொல்லுச்சு, இதுக்கு மாத்திரை வேறயாம். இருந்தாலும் அன்னைக்கு நான் வாத்தியார்கிட்ட நின்னு ரெண்டு வார்த்தை கேட்டிருந்தா கக்கூஸ் பூட்டாவது தொறந்திருக்கும்.

இனிமே எழுதுறதுதான் எழுத முடியாதது. உங்கம்மா.

நீ என்னை எதுக்கு வெறுக்குறன்னு எனக்குத் தெரியும். வைகாசி முகூர்த்தப் பூ பறிக்கிற நேரம், வயிறு ஊதிக்கிட்டுக் காய்ச்சல்ல கெடந்தவளை ரெண்டு நாள் கழிச்சு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனேன்னு. "ரெண்டு நாளு முன்னாடி வந்திருந்தா"ன்னு நீ பொணத்துக்கு முன்னாடி நின்னு கத்துனது இன்னும் காதுல இருக்கு. நீ கணக்கு வச்சிருக்கிறது ரெண்டு நாளுக்கு. உனக்குத் தெரியாதது ஆறு மாசம்.

அவளுக்கு எளப்பு வந்தப்ப டவுன்ல ஒரு டாக்டர் அஞ்சு நாளைக்கு மாத்திரை எழுதிக் குடுத்தாரு. சின்ன வெள்ளை மாத்திரை. போட்டதும் நெஞ்சு லேசாச்சு, படுத்தாத் தூக்கம் வந்துச்சு, நம்மூரு மேட்டுல மூச்சு வாங்காம ஏறுனா. அஞ்சு நாள் முடிஞ்சதும் திரும்ப எளப்பு. டாக்டர்கிட்டப் போனா ஒரு நாள் வேலை கெடும்னு அதே சீட்டைக் காட்டி மெடிக்கல்ல வாங்கிட்டு வந்தேன். அப்புறமும் வாங்குனேன். கடைசியில சீட்டு நஞ்சு போய், காலி அட்டையைக் காட்டுனாலே குடுத்தாங்க. ஆறு மாசம், தம்பி. என் கையால தண்ணியோட குடுத்தேன். அவளுக்கு முகம் உருண்டையாச்சு. அக்கா அனுப்புன போட்டோவைப் பார்த்துட்டு நீயே போன்ல சொன்ன, "அம்மா இப்பத்தான் தெம்பா இருக்கு"ன்னு. நானும் அப்படித்தான் நெனைச்சேன், பாவி.

அந்த மாத்திரை ஸ்டீராய்டுன்னு இப்பத்தான் தெரியும். அவளும் நாப்பது வருஷம் அதே பாத்தியில வெறுங்காலோட பறிச்சவ. வயிறு ஊதுனது, வாந்தி, இருமல்ல ரத்தம், காய்ச்சல், ரத்தத்துல கிருமின்னு சொன்னது, எல்லாத்தையும் டாக்டரம்மாகிட்ட ஒன்னு விடாமச் சொன்னேன். "இப்ப உறுதியாச் சொல்ல முடியாதுங்கய்யா. ஆனா பொருந்துது"ன்னு மட்டும் சொல்லுச்சு. இன்னும் ஒன்னு இருக்கு. அம்மாவைச் சேர்த்த அன்னைக்கு ஆஸ்பத்திரியில கேட்டாங்க, "வேற ஏதாவது மாத்திரை சாப்பிட்டுக்கிட்டிருந்தாங்களா?"ன்னு. நான் "இல்ல"ன்னுட்டேன். சட்டைப் பையில காலி அட்டை இருந்துச்சுடா. டாக்டரைக் கேக்காம ஏன்யா குடுத்தன்னு நாலு பேர் முன்னாடி திட்டுவாங்களேன்னு பயந்து இல்லைன்னு சொன்னேன். அப்பவே சொல்லியிருந்தாப் பொழைச்சிருப்பாளான்னு எனக்குத் தெரியாது. சொல்லலைங்கிறது மட்டும் தெரியும். மதுரை ஆஸ்பத்திரிக் கட்டில்ல இருந்து எந்திரிச்சு வந்ததுல இருந்து சோத்துல கை வச்சா அந்த அட்டைதான் கண்ணுக்குள்ள நிக்குது.

இதையெல்லாம் உன்கிட்டச் சொல்லாமலே செத்துரலாம்னுதான் இருந்தேன். சொன்னா நீ என் கொள்ளிக்குக்கூட வர மாட்ட. ஆனா சொல்லலைன்னா நீ நம்ப மாட்ட. நேத்து நீ போனை வச்சதுக்கப்புறம் அக்கா என்னைப் பார்த்துக் கேட்டா, "அம்மா விஷயத்தை எழுதாம அவனை நம்ப வைக்க முடியுமாப்பா?"ன்னு. அவளுக்கும் நேத்துத்தான் சொன்னேன். அழுதா. அழுதுட்டு, பேப்பரும் பேனாவும் எடுத்து வந்து என் முன்னாடி வச்சா.

உனக்கு ஒன்னே ஒன்னு சொல்லணும்னா இதைத்தான் சொல்லுவேன். டாக்டர்கிட்ட வெக்கப்படாத. நீ இப்பக் கம்பெனியில பெரிய வேலையில இருக்க, கூட மருமக நிப்பா. எங்க வீட்ல கக்கூஸைப் பூட்டி வச்சிருந்தோம், நான் சேத்துல வெறுங்காலோட நின்னேன், எனக்கும் இடுப்புல செவப்புக் கோடு ஓடுச்சுன்னு வாய் விட்டுச் சொல்ல உனக்குக் கூசும். உனக்கு எட்டாங் கிளாஸ்ல அந்தக் கோடு வந்துச்சு, அம்மா மஞ்சள் அரைச்சுத் தடவுனா, எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. அதையும் சொல்லு. உனக்குச் சொல்லக் கூச்சமா இருந்தா இந்த லெட்டரை டாக்டர் கையில குடு. தமிழ் தெரியாதவரா இருந்தா மருமக படிச்சுச் சொல்லட்டும். மருமகளுக்குத் தெரிஞ்சாலும் தெரிஞ்சிட்டுப் போகட்டும், ஊருக்கே தெரியட்டும். அதுக்குத்தான் கவரை ஒட்டாமக் குடுத்து விடுறேன். நம்ம தோட்டத்துல பறிக்கிற ஏழு பொம்பளைகளையும் நிக்க வச்சு இதையேதான் நேத்துச் சொன்னேன். ஒருத்தி, "அண்ணே, இம்புட்டு நாள் கழிச்சா?"ன்னு கேட்டா. திங்கக்கிழமை அவங்களும் டெஸ்டுக்குப் போறாங்க, நானே வண்டி பேசியிருக்கேன்.

இருந்தாலும் பயந்தே சாகாத. உனக்கு இல்லாமலும் இருக்கலாம்னு டாக்டரம்மா சொல்லுச்சு. அப்படியே புழு இருந்தாலும் அதுக்கு மாத்திரை இருக்கு. புழுவை ஒழிச்சிட்டா உன் கிட்னிக்கு வேண்டிய வைத்தியத்தை அப்புறம் பயமில்லாம ஆரம்பிக்கலாம். எனக்குக் குடுத்தாங்க, முழுங்கிட்டேன், நல்லாத்தான் இருக்கேன். ஆக மொத்தம் திங்கக்கிழமைக்கு முன்னாடி ஒரு சொட்டு ரத்தமும், டாக்டர்கிட்ட ரெண்டு வார்த்தையும். அம்மாவுக்கு நான் குடுக்காதது அந்த ரெண்டு வார்த்தைதான்.

கக்கூஸை நேத்தே தொறந்துட்டேன். மூட்டையெல்லாம் மாட்டுக்கொட்டத்துல கெடக்கு. இன்னைக்குக் காலையில செருப்பு மாட்டிக்கிட்டுத் தோட்டத்துல இறங்குனேன். மல்லி அதே மாதிரிதான் மொட்டு விட்டிருந்துச்சு, ஒரு கொறையும் இல்ல. நடுப் பாத்தியில நின்னு கொஞ்ச நேரம் உன் நீலச் செருப்பை நெனைச்சு அழுதேன். யாரும் பார்க்கல.

அக்கா செருப்பு மாட்டிட்டா, பஸ்ஸுக்கு நேரமாச்சுங்கிறா. உன் வாசல்ல வந்து நின்னா அவளை வெரட்டிராத. நீ ஆஸ்பத்திரிக்குக் கெளம்புற வரைக்கும் அவ பச்சைத் தண்ணி குடிக்க மாட்டேன்னுதான் வாரா. என்னை மன்னிக்கச் சொல்லி இதை எழுதல. படிச்சு முடிச்சதும் உனக்கு என் மேல இருக்குற கோபம் பத்து மடங்காகும், எனக்குத் தெரியும். ஆகட்டும். நான் சாகுற வரைக்கும் வச்சுக்க, செத்தப்புறமும் வச்சுக்க. ஆனா கோபப்படுறதுக்கு நீ இருக்கணும்டா.